கொழும்பா, மாகாணமா, பிரதேச சபையா: நாங்கள் ஆரிட்டக் கையெழுத்து வாங்கிறது?

போன மாசம் ஒரு ஞாயிறு பின்னேரம் கோண்டாவில்ல சிநேகிதி ஒராளின்ர வீட்டு விறாந்தையில ஏழு பேர் இருந்து கதைச்சம். வெளியில நல்ல மழை, கரண்டும் போட்டுது, மேசையில ஒரு எமர்ஜென்சி லைட்டும் ஒரு வெறும் தாளும். மாகாணசபைத் தேர்தல் வருது வருது எண்டு சொல்லினம், வந்தா எல்லாக் கட்சிக்காரரும் படலையைத் திறந்துகொண்டு வந்து கும்பிடுவினம், அந்த நேரம் கே, லெஸ்பியன், திருநங்கை, திருநம்பி எண்டு எங்களை மாதிரி ஆக்கள் அவையிட்ட என்ன கேக்கிறது, அதை ஆரிட்ட எழுத்தில வாங்கிறது, இதுதான் கதை. பாராளுமன்றத்தைப் பிடிக்கிறதா, கட்சி விஞ்ஞாபனத்தைப் பிடிக்கிறதா, மாகாணத்தைப் பிடிக்கிறதா, பிரதேச சபை, மாநகர சபையைப் பிடிக்கிறதா. ஏழு பேரால எல்லாத்தையும் பிடிக்கேலாது. ஒண்டைத் தெரிவு செய்யோணும்.

அண்டைக்குக் கதைச்சதையும் அதுக்குப் பிறகு நான் வாசிச்சு யோசிச்சதையும் இதில எழுதுறன், இதே கேள்வியோட கிளிநொச்சியிலயோ மன்னாரிலயோ மட்டக்களப்பிலயோ இருக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறன். என்ர பேரை இதில போடேல்ல. நான் ரியூட்டரி ஒண்டில கணக்குப் படிப்பிக்கிறன், வீட்டில அக்காவுக்கு மட்டுந்தான் என்னைப் பற்றித் தெரியும், பேர் வெளியில வந்தா அடுத்த கிழமை வகுப்புக்குப் பிள்ளையள் வரமாட்டினம். இதை முதலே சொல்லிறதுக்குக் காரணம் இருக்கு. எந்த வழி நல்லது எண்டு பாக்கேக்க, அந்தச் சபைக்கு அதிகாரம் இருக்கோ எண்டு மட்டும் பாத்தாக் காணாது, அந்த வழியில போறதுக்கு ஆரின்ர முகம் வெளியில தெரியோணும் எண்டதையும் பாக்கோணும். கொழும்பில இருக்கிற ஒராள் டீவியில இருந்து பேசலாம். இஞ்ச உரும்பிராயில இருக்கிற ஒராள் பேசினா, அண்டைக்கு இரவே அம்மாவுக்குப் போன் வரும்.

முதல்ல கொழும்பு. தண்டனைச் சட்டக்கோவை 1883 இல வெள்ளைக்காரன் போட்டது, அதில 365 ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உறவுக்கு 10 வருசம் வரைக்கும் மறியல் எண்டும், 365ஏ "பாரதூரமான ஆபாசச் செயலுக்கு" 2 வருசம் வரைக்கும் எண்டும் சொல்லுது. முந்தி 365ஏ ஆம்பிளையளுக்கு மட்டுந்தான் இருந்தது, 1995 இல திருத்தேக்க அதை எடுத்து விடுறதுக்குப் பதிலா "ஆள்" எண்டு மாத்தி பொம்பிளையளையும் உள்ளுக்க கொண்டு வந்து விட்டினம். 2016 இல உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில, வயது வந்த ரெண்டு பேர் விரும்பிச் செய்யிறதில அரசு தலையிடக் கூடாது எண்டது இண்டைக்கு உலகம் ஏற்றுக்கொள்ளுற நிலைப்பாடு எண்டு சொல்லிச்சுது, ஆனா சட்டம் இருக்கிற படியா தீர்ப்பைக் குற்றம் எண்டே வைச்சு, மறியலை மட்டும் ஒத்திவைச்சது. 2022 இல பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கிற ஐநா குழு, இலங்கைச் செயற்பாட்டாளர் ரொசான்னா ஃபிளேமர் கல்தேராவின்ர முறைப்பாட்டில, இந்தச் சட்டம் உரிமை மீறல் எண்டு இலங்கைக்குச் சொன்னது. இந்தப் பிரிவுகளைத் திருத்தி எங்கட உறவைக் குற்றம் இல்லை எண்டு ஆக்க எம்பி பிரேம்நாத் தொலவத்த கொண்டு வந்த தனிநபர் சட்டமூலத்தை 2023 இல எதிர்த்து ஆக்கள் வழக்குப் போட, மே மாசம் உயர்நீதிமன்றம் அதில அரசியலமைப்புக்கு முரணா ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப் போட்டுது, சாதாரண பெரும்பான்மை காணும். கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. ஒருத்தரும் உள்ளுக்க போகேல்ல, 2024 செப்டெம்பரில பாராளுமன்றம் கலைஞ்சுது, சட்டமூலமும் அதோட செத்துப் போச்சுது.

இதை மாத்தோணும், அதில எனக்கு ரெண்டாம் கருத்து இல்லை. அந்தப் பிரிவு புத்தகத்தில இருக்கிற வரைக்கும் பொலிஸ்காரன் ஒருத்தன் முனியப்பர் கோயிலடியில நிக்கிற பெடியனிட்ட "உள்ளுக்க போடுவன்" எண்டு சொல்லிக் காசு பறிக்கலாம், வழக்குப் போடவே தேவையில்லை, சொன்னாலே காணும். ஆனா கேள்வி, எங்கட ஏழு பேரின்ர நேரத்தை அதில போடுறதா எண்டது. 225 பேரில யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம். அந்த வேலையை ஈக்குவல் கிரவுண்ட் மாதிரி 2004 இல இருந்து கொழும்பில நிக்கிற அமைப்புகள், சட்டத்தரணிமார் செய்யினம், எங்களை விட நல்லாச் செய்யினம். நாங்கள் செய்யக்கூடியது எங்கட 6 பேரிட்டயும் ஒரே ஒரு கேள்வி: அந்தச் சட்டமூலம் திரும்ப வந்தா கை தூக்குவியளோ, இல்லையோ. ஓம், இல்லை எண்ட ஒரு சொல்லு. அதுக்கு ஒரு கடிதம் காணும், விறாந்தைக் கூட்டம் தேவையில்லை.

இன்னொரு விசயத்தையும் யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆக்கள் மறக்கக் கூடாது. சட்டம் வந்தா எல்லாம் வந்திடும் எண்டு எங்களுக்கு ஆரும் சொன்னா, எங்கட ஊர்ச் சரித்திரமே அதுக்குப் பதில். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல வந்தது, சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள்ள, கடைக்குள்ள விடாம நிப்பாட்டினாக் குற்றம் எண்டு எழுத்தில இருந்தது. பதினொரு வருசத்துக்குப் பிறகும் 1968 இல மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல்ல சனம் நிண்டு போராட வேண்டி இருந்தது, தேத்தண்ணிக் கடையளிலயும் அப்பிடித்தான், வேற பேணி, வேற சிரட்டை எண்டு வைச்சிருந்ததை ஊர் ஊராப் போய்த்தான் உடைச்சவை. எங்கட அப்பம்மா அந்தக் கதையள் சொல்லுவா. கொழும்புச் சட்டம் வாசல் மட்டும் கொண்டு வந்து விடும். வாசலுக்கு உள்ளுக்க கொண்டு போறது ஊரில இருக்கிற ஆக்களின்ர வேலை.

கட்சி விஞ்ஞாபனம் பற்றி நீட்டத் தேவையில்லை. "சகலருக்கும் சமத்துவம்", "எவரும் பாகுபாடு காட்டப்படாமை" எண்டு எழுதித் தருவினம், அதுக்குள்ள எங்களைத் தேடினாலும் கிடைக்கமாட்டம். எங்கட தமிழ்க் கட்சியளிட்டக் கேட்டா வாற பதில் ஒண்டு, கன காலமா வாறது: முதல் இனப்பிரச்சினை தீரட்டும், பிறகு பாப்பம். எனக்கு அந்தப் பிரச்சினை சின்னன் இல்லை, நான் இடம்பெயர்ந்த வீட்டில வளந்தவன், எங்கட மாமா இண்டைக்கும் வரேல்ல. ஆனா இந்தப் பதிலைத்தான் பெண்களுக்கும் சொன்னவை, ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்கும் சொன்னவை. அதிகாரத்தைப் பகிர்ந்து தா எண்டு கொழும்பைக் கேக்கிற ஒரு கட்சி, அந்த அதிகாரம் கையில வந்தா எங்களை எப்பிடி நடத்தும் எண்டு நாங்கள் இண்டைக்கே கேக்கிறது நியாயம். விஞ்ஞாபனத்தில ஒரு வரி வந்தா நல்லது, வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆனா அதை வெற்றி எண்டு எண்ணி வீட்ட போயிடக் கூடாது.

இப்ப மாகாணம். இதிலதான் அண்டைக்குக் கனநேரம் போனது, ஏன் எண்டா பாக்கிறதுக்கு இதுதான் சரியான இடம் மாதிரி இருக்கு. 1987 இல அரசியலமைப்பின்ர 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்குக் குடுத்த அதிகாரப் பட்டியலைப் பாருங்கோ: போதனா வைத்தியசாலையள் மாதிரிச் சிலதைத் தவிர ஆஸ்பத்திரியள், தேசிய பாடசாலையளைத் தவிர மற்றப் பள்ளிக்கூடங்கள், சமூக சேவை, உள்ளூராட்சி. எங்கட வாழ்க்கையில எங்களைக் காயப்படுத்திற இடங்கள் எல்லாம் இந்தப் பட்டியலுக்குள்ளதான் இருக்கு. குற்றவியல் சட்டம் மட்டுந்தான் வெளியில, பொலிஸ் பட்டியலில இருந்தாலும் நடைமுறையில கொழும்பின்ர கையிலதான்.

இதுக்கு ஒரு உதாரணம் சொல்லோணும். எங்களோட இருந்த திருநங்கை, நாங்கள் அக்கா எண்டுதான் கூப்பிடுறனாங்கள், அவவுக்குப் பிரஷர். மாகாணத்துக்குக் கீழ இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில கிளினிக் போறவ. காலமை ஆறரைக்குப் போய்த் துண்டு எடுத்து வாங்கில இருக்கிறது, கிளினிக் கொப்பியை முன்னுக்கு அடுக்கி வைக்கிறது, பிறகு ஒராள் கொப்பியை ஒண்டொண்டா எடுத்துப் பேரைச் சத்தமாக் கூப்பிடுறது. கொப்பியில இருக்கிறது அவவின்ர பழைய பேர், ஆம்பிளைப் பேர். முதல் முறை கூப்பிடேக்க அக்கா எழும்பினவ, சாறியோட, முழு வாங்கும் திரும்பிப் பாத்தது, ஒரு அம்மா தன்ர பேரப்பிள்ளையைப் பிடிச்சு மடியில இழுத்தவவாம், அக்கா அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவ, வேற ஒண்டையும் சொல்லேல்ல. ரெண்டாம் முறை பேர் கூப்பிடேக்க எழும்பாமலே இருந்து, எல்லாரும் போன பிறகு போய்க் கேட்டவ, "கூப்பிடேக்க எங்க போனனீர்" எண்டு பேச்சு விழுந்தது. மூண்டாம் முறை போகவே இல்லை. கிளினிக்கில சும்மா குடுக்கிற குளிசையை இப்ப பார்மசியில காசு குடுத்து வாங்கிறா, காசு இல்லாத மாசம் வாங்கிறதில்லை.

அடையாள அட்டையை மாத்தலாம் தானே எண்டு கேப்பியள். 2016 இல இருந்து அதுக்கு வழி இருக்கு, மனநல வைத்தியர் பாத்துப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் குடுத்தா, பதிவாளரிட்டப் போய்ப் பிறப்புச் சான்றிதழில பேரையும் பாலையும் மாத்தி, அதைக் கொண்டு அடையாள அட்டையும் எடுக்கலாம். நல்ல வழிதான். ஆனா அதுக்கு எத்தினை கிளினிக், எத்தினை கந்தோர், எத்தினை வாங்கு, ஒவ்வொரு வாங்கிலயும் பழைய பேர். அக்கா பாதியில விட்டுட்டா.

இதுக்கு என்ன மருந்து? பேரைக் கூப்பிடாம நம்பரைக் கூப்பிடுறது. துண்டில நம்பர் ஏற்கனவே இருக்கு. கொப்பியின்ர முன் மட்டையில "கூப்பிட விரும்பும் பேர்" எண்டு ஒரு வரி. இவ்வளவுதான், பாராளுமன்றம் தேவையில்லை, காசும் தேவையில்லை. மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை விட்டாச் சரி. காசநோய், மனநோய், எச்ஐவி எண்டு தன்ர வருத்தம் ஊருக்குத் தெரியக் கூடாது எண்டு நினைக்கிற எல்லாருக்குமே இது நல்லது.

உந்த மாதிரி வேலை உலகத்தில நடக்காததும் இல்லை. ஸ்பெயின்ல அந்தலூசியா எண்ட பிராந்தியம் 2014 இல ஒரு சட்டம் போட்டது. அந்த நேரம் முழு நாட்டுச் சட்டம் என்ன எண்டா, 2007 ஆம் ஆண்டுச் சட்டம், வைத்தியர் சான்றிதழும் ரெண்டு வருசச் சிகிச்சையும் இருந்தாத்தான் அடையாள அட்டையில மாத்தலாம். அந்தலூசியாவால அதை மாத்தேலாது, அது மத்திய அரசின்ர கையில. ஆனா பிராந்திய சுகாதார அட்டை அவையின்ர கையில, பிராந்தியப் பள்ளிக்கூடங்கள் அவையின்ர கையில, அதில எல்லாம் ஒராள் தன்னை எப்பிடிச் சொல்லுறாரோ அப்பிடியே எழுதுவம் எண்டு சட்டம் போட்டினம். நாடு முழுக்க அது 2023 இலதான் வந்தது, ஒம்பது வருசம் பிந்தி.

எங்களுக்குக் கிட்ட தமிழ்நாடு. 2008 ஏப்ரலில திருநங்கையர் நல வாரியம் அமைச்சினம், அந்த நேரம் இந்தியாவில எங்கட 365 மாதிரியான 377 ஆம் பிரிவு அப்பிடியே இருந்தது, அதை உச்சநீதிமன்றம் எடுத்தது 2018 செப்டெம்பர் 6. பத்து வருசத்துக்கு முதலே ஒரு மாநிலம் தன்ர கைக்குள்ள இருந்த நலத்திட்டத்தை வைச்சு வேலை தொடங்கீட்டுது, டெல்லிக்குக் காத்துக்கொண்டு இருக்கேல்ல. அதில குறையும் இருக்கு. திருநங்கையரை மையமா வைச்சுத் தொடங்கினதில திருநம்பிமாரும் லெஸ்பியன், கே ஆக்களும் கன காலம் வெளியிலயே நிண்டவை. அவையின்ர பக்கம் அசைஞ்சது 2021 இல, ரெண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட சுஷ்மா வழக்கில சென்னை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பொலிசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியருக்கும் எண்டு உத்தரவு மேல உத்தரவாப் போட்ட பிறகுதான். எங்களைப் பற்றி எழுதேக்க என்ன சொல் பாவிக்கிறது எண்டு 2022 இல அரசு வெளியிட்ட சொற்பட்டியலும் அந்த வழக்கால வந்ததுதான். ஆக மாநில அரசு தானா நடந்து கொஞ்சத் தூரம், பிறகு நீதிமன்றம் தள்ளிக் கொஞ்சத் தூரம்.

அப்ப மாகாணம்தான் வழி எண்டு முடிவெடுக்கலாமே? அண்டைக்கு நாங்களும் கிட்டத்தட்ட அப்பிடித்தான் முடிவெடுத்தம், பிறகு மழை விட்டு வீட்ட வாற வழியில எனக்கு ஒண்டு உறைச்சுது. எங்களுக்கு மாகாணசபை இல்லை. 2013 செப்டெம்பரில 38 பேரைத் தெரிவு செய்தம், 2018 ஒக்டோபரோட காலம் முடிஞ்சது, 2017 இல தேர்தல் முறையை மாத்திச் சட்டம் போட்டு, எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் தோற்கடிச்சு, அதோட தேர்தல் அப்பிடியே நிண்டு போச்சுது. இப்ப ஆளுநர்தான். ஆளுநரால நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், ஆக்கேலாது, அது சபையாலதான் ஏலும், சபை ஆக்கினாலும் ஆளுநர் ஒப்பம் வைக்கோணும். அப்ப மாகாணத்தில எங்களுக்கு இண்டைக்குக் கிடைக்கக்கூடியது சுற்றறிக்கை மட்டுந்தான். அது கெதியா வரும், ஒரு செயலாளர் மனசு வைச்சா ஒரு மாசத்தில வரும். அதே மாதிரிக் கெதியாப் போயிடும், அடுத்த செயலாளர் வந்து ஒரு வரியில ரத்துச் செய்யலாம், இல்லாட்டி ஃபைலுக்குள்ள வைச்சிட்டு மறந்து போகலாம். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. சுற்றறிக்கை கேக்கிறதுக்கு ஒருத்தரும் மேடையில ஏறத் தேவையில்லை, மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர யாழ் அலுவலகம் மூலமாக் கடிதம் குடுக்கலாம், வைத்தியர் ஒராள், ஒரு சட்டத்தரணி சேர்ந்து கேக்கலாம். அக்காவின்ர முகம் பேப்பரில வராது.

கடைசியா உள்ளூராட்சி. உண்மையைச் சொன்னா அண்டைக்கு இதைச் சொன்னவவை நாங்கள் வடிவாக் கேக்கவே இல்லை. "குப்பை அள்ளுற சபையிட்ட என்னத்தைக் கேக்கிறது" எண்டு நானே சொன்னனான், இப்ப நினைக்கக் கவலையா இருக்கு. ஏன் எண்டா யாழ் மாவட்டத்தில 17 சபை இருக்கு, ஒரு மாநகர சபை, மூண்டு நகர சபை, பதின்மூண்டு பிரதேச சபை, 2025 மே 6 இல தேர்தல் நடந்து எல்லாத்திலயும் உயிரோட உறுப்பினர் இருக்கினம், 4 வருசப் பதவி. எங்கட வடக்கில சனம் தெரிவு செய்து இண்டைக்கு இயங்குற ஒரே உள்ளூர் அதிகாரம் இதுதான். அதோட வட்டார உறுப்பினர் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும், அவரின்ர மகள் என்னட்டக் கணக்குப் படிக்கலாம், ஒழுங்கையில கண்டா "தம்பி எப்பிடி" எண்டு கேக்கிற ஆள். கொழும்பு எம்பியிட்ட அனுப்பின கடிதத்துக்குப் பதில் வராட்டி ஒண்டும் செய்யேலாது, இவர் பதில் சொல்லாட்டி நாளைக்குச் சங்கக்கடையில திரும்பக் கேக்கலாம்.

அவையின்ர கையில என்ன இருக்கு? நூலகம், சந்தை, சனசமூக நிலையத்துக்கான உதவி, முன்பள்ளி, பூங்கா, மண்டபம், மயானம், பொது மலசலகூடம். யாழ்ப்பாணப் பொது நூலகமே மாநகர சபையின்ரதான், திருநெல்வேலிச் சந்தை நல்லூர் பிரதேச சபையின்ர. எங்களில திருநம்பி ஒராள் இருக்கிறார், இருபத்திநாலு வயது, அவர் டவுனுக்குப் போற நாள் காலமையில இருந்து தண்ணி குடிக்கிறதில்லை. பெண்கள் பக்கம் போனாப் பெடியன் எண்டு கலைப்பினம், ஆண்கள் பக்கம் போகப் பயம். ரெண்டு தரம் சலத்தில கிருமி வந்து மருந்து எடுத்தவர். அவர் கேக்கிறது உள்ளுக்கால பூட்டக்கூடிய ஒரு தனி மலசலகூடம், ஆண் எண்டும் பெண் எண்டும் எழுதாம, ஆர் வேணும் எண்டாலும் போகலாம். வயது போன அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாற மகளுக்கும் அது வேணும், சக்கர நாற்காலியில வாற ஆளுக்கும் வேணும். இதைச் செய்யிறதுக்கு சபையின்ர வரவு செலவுத் திட்டத்தில ஒரு வரி போட்டாச் சரி, அந்த வரி வந்துதா, கட்டிச்சினமா எண்டு நாங்கள் கண்ணால பாக்கலாம்.

மண்டபமும் அப்பிடித்தான். ஒருக்கா நாங்கள் ஒரு சின்னக் கலந்துரையாடலுக்கு மண்டபம் ஒண்டு கேட்டனாங்கள், காசு கட்டி ரசீதும் எடுத்தாச்சு, விசயம் என்ன எண்டு தெரிஞ்ச உடன திருத்தவேலை நடக்குது எண்டு சொல்லிக் காசைத் திருப்பித் தந்தினம், அதே சனிக்கிழமை அங்க பூப்புனித நீராட்டு விழா நடந்தது. சபை மண்டபங்களை வாடகைக்குக் குடுக்கேக்க, ஆர் கேட்டாலும் முதல் வந்த ஆளுக்கு முதல், மறுத்தாக் காரணத்தை எழுத்தில குடுக்கோணும் எண்டு ஒரு விதி இருந்தா இது நடக்காது. இதில எங்கட பேரே வரத் தேவையில்லை பாருங்கோ.

இதிலதான் எங்களுக்குள்ள சண்டை வந்தது, இண்டைக்கும் முடியேல்ல. பேர் வரோணுமா, வரக் கூடாதா? ரெண்டு பெண்கள், பத்து வருசமா ஒண்டாச் சீவிக்கினம், அவை சொல்லினம் மலசலகூடமும் மண்டபமும் நல்லதுதான், ஆனா சபை ஒருக்காவாவது "இவையும் எங்கட ஊர்ச் சனம்" எண்டு எங்கட பேரைச் சொல்லித் தீர்மானம் போடோணும், எத்தினை நாளைக்கு ஒளிச்சு ஒளிச்சு நன்மை வாங்கிறது எண்டு. அவை சொல்லிறதில நியாயம் இருக்கு, எனக்குத் தொண்டை அடைச்சுது. யாழ்ப்பாணத் தெருவிலயே பிரைட் நடைபவனி போயிருக்கு, முகத்தைக் காட்டி நடந்தவை இருக்கினம், அந்தத் துணிவுக்கு முன்னால நான் பேர் போடாம இருந்து எழுதுறன்.

ஆனா நான் பயப்பிடுறது வேற ஒண்டுக்கு. போலந்தில 2019 இல இருந்து கிட்டத்தட்ட நூறு உள்ளூர், பிராந்திய சபையள் "எல்ஜிபிடி கருத்தியல் இல்லாத பிரதேசம்" எண்டு தீர்மானம் போட்டவை. சட்டப்படி அதுக்கு ஒரு வலுவும் இல்லை, வெறும் தாள். ஆனா அந்த ஊரில இருந்த பிள்ளையளுக்கு அது வெறும் தாளா இருக்கேல்ல, தன்ர சொந்த ஊர்ச் சபை தன்னை வேண்டாம் எண்டு கை தூக்கினது எண்டு தெரிஞ்சு வளந்ததுகள். பிறகு ஐரோப்பிய ஒன்றியம் காசை நிப்பாட்டுவம் எண்ட பிறகுதான் 2021 செப்டெம்பரில பெரிய பிராந்தியங்கள் ஒண்டொண்டா வாபஸ் வாங்கினது, கடைசி ஊர் 2025 ஏப்ரல் வரைக்கும் இழுத்தது. எங்களுக்கு அப்பிடிக் காசை நிப்பாட்ட ஆரும் இல்லை. நாங்கள் ஆயத்தம் இல்லாம ஒரு சபையில தீர்மானத்தைக் கொண்டுபோய், ஒரு உறுப்பினர் எழும்பிக் கலாசாரம் எண்டு கத்தி, மற்றவை பயத்தில எதிர்த்துக் கை தூக்கினா, தோத்த தீர்மானம் கூட்டக் குறிப்பில கிடக்கும், அடுத்த நாள் பேப்பரிலயும் கிடக்கும். கேக்காம விட்டதை விட அது மோசம். முதல் எண்ணோணும், பிறகுதான் கொண்டு போகோணும். தவிசாளரிட்டப் போய், உறுப்பினர் ஒவ்வொருத்தரிட்டயும் போய், பாதிக்கு மேல ஓம் எண்டு சொன்ன பிறகு.

உள்ளூராட்சி சபையளில பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டை நினைச்சுப் பாருங்கோ. 2018 தேர்தலுக்கு முதல் சபையளில பெண்கள் ரெண்டு வீதம் கூட இல்லை, கோட்டா வந்த பிறகு கன சபையளில நாலஞ்சு அக்காமார் எண்டாலும் இருக்கினம், கனபேர் அரசியல் குடும்பத்து ஆக்கள் இல்லை, மாதர் சங்கம், முன்பள்ளி எண்டு வந்தவை. எங்கட விசயத்தைக் கேக்கிறதுக்குப் பொறுமை இருக்கிறதும் அவையிட்டத்தான் எண்டது என்ர அனுபவம். பிரதேச சபைக் குழுக்களில உறுப்பினர் இல்லாத ஊர் ஆக்களையும் போடலாம், அப்பிடி ஒரு நலன்புரிக் குழுவில எங்களில ஒராளை இருத்தச் சொல்லிக் கேக்கிறது, தீர்மானத்தை விடச் சின்னன், ஆனா தீர்மானம் மாதிரி ஒரு நாளோட முடியாது.

அப்ப என்ர முடிவு இதுதான், ஏழு பேரில அஞ்சு பேர் இப்ப இதுக்கு ஓம். இந்த வருசம் எங்கட பலம் முழுக்க ரெண்டே ரெண்டு சபையில, எங்களுக்கு ஆள் தெரிஞ்ச சபையில. அங்க கேக்கிறது மூண்டு: பூட்டக்கூடிய தனி மலசலகூடம், மண்டப விதி, குழுவில ஒரு கதிரை. பக்கத்தில, சத்தம் இல்லாம, மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு நம்பர் கூப்பிடுறது பற்றி ஒரு கடிதம். 6 எம்பிமாருக்கும் அந்த ஒரு கேள்வி. மாகாணசபைத் தேர்தல் அறிவிச்சா, அண்டைக்கே வேட்பாளர்மாரிட்ட இந்தச் சுற்றறிக்கையை நியதிச்சட்டம் ஆக்குவியளோ எண்டு கேட்டுத் திகதியோட கையெழுத்து வாங்கிறது, ஏன் எண்டா அதுக்குள்ள ரெண்டு ஆஸ்பத்திரியில எண்டாலும் நம்பர் கூப்பிட்டுப் பழகி இருந்தா, வானம் இடிஞ்சு விழேல்ல எண்டு காட்டலாம். பேர் சொல்லுற தீர்மானம் வேண்டாம் எண்டு இல்லை, அது கை எண்ணின பிறகு. பேர் வரோணும் எண்ட அந்த ரெண்டு பெண்களும் இதுக்கு இன்னும் சம்மதிக்கேல்ல, அவை தனியா ஒரு சபையில உறுப்பினர்மாரைக் கண்டு கதைக்கத் தொடங்கீட்டினம், இப்ப வரைக்கும் நாலு பேர் ஓம் எண்டவையாம். அவை சரியா இருந்தா எனக்குச் சந்தோசம்தான்.

கையெழுத்து வாங்கேக்க ஒண்டைக் கவனியுங்கோ. "ஆதரவு வழங்குவேன்" எண்டு எழுதின தாளில கையெழுத்து வாங்காதேங்கோ, அதுக்கு ஆரும் வைப்பினம். எந்தக் கட்டடம், எந்த மாசக் கூட்டம், எந்த வரவு செலவுத் தலைப்பு எண்டு எழுதி வாங்குங்கோ. எங்கட தாள் இப்ப ஒண்டரைப் பக்கம். போன கிழமை அதை அந்தக் கிளினிக் அக்காவிட்டக் காட்டினம், அவ கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சிட்டு, பேனையை வாங்கி, சுகாதாரத் திணைக்களத்துக்கான கடிதத்தில "நோயாளிகளின் கண்ணியம் பேணப்படல் வேண்டும்" எண்டு நான் எழுதி இருந்த வரியை வெட்டினவ. மேல தன்ர கையெழுத்தில எழுதினவ: "கொப்பியைப் பாத்துப் பேரைக் கூப்பிடாமல் துண்டில் உள்ள நம்பரைக் கூப்பிடவும்." வாற வியாழக்கிழமை அந்தக் கடிதம் போகுது.